வலது பக்கம் திரும்பினால்

கைப்பேசி அடித்தபோது பல் டாக்டர் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். எடுத்துப் பேசியது அவள் கணவன். கேட்கக் கேட்க அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா வீட்டுக் கீழ் வீட்டம்மா பேசறாங்க. அக்காவால எழுந்திரிக்க முடியலையாம். வீடே சுத்துதாம். ஒரே வாந்தி. வாந்தியில ரத்தம் வேற இருக்காம்."

வாயிலிருந்த நுரையைத் துப்பவும் மறந்து அவள் நின்றாள். முந்தைய நாள் மத்தியானம்தான் அந்த அக்காவின் மேல்தாடையில் அவள் கை வைத்திருந்தாள்.

அவள் நாத்தனாருக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. கற்றுக்கொள்பவரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாகப் பொருத்தியிருக்கும் பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடியே பாதி ஆயுளைக் கழித்துவிட்டவள். படிக்க வருகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு வைத்திருந்த பெயர் பிரேக்கம்மா. அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்படவில்லை, வண்டியின் பின்பக்கம் எழுதி ஒட்டிவிடலாமா என்று யோசித்ததாகச் சொன்னாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அம்மா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கியவள் அவள்தான். அதை அவள் சொல்லிக்காட்டியதும் இல்லை, தம்பி மறந்ததும் இல்லை.

தம்பி மனைவியை மட்டும் 'டாக்டரம்மா' என்றே கூப்பிடுவாள். அந்த 'அம்மா'வில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று இத்தனை வருஷத்தில் பல் டாக்டரால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. அப்படிப்பட்டவள், வலது பக்க மேல் கடைவாய்ப் பல் போய் நெடுநாளாக ஒரு பக்கமே மென்று கொண்டிருந்தவள், ஒரு நாள் தானாகவே கிளினிக்குக்கு வந்து, "என் வாயைத் திறந்து பாக்கிற தைரியம் உன்னை விட்டா யாருக்கு இருக்கு" என்றபோது பல் டாக்டருக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

வேலை கொஞ்சம் நுணுக்கமானது. புதுப் பல்லுக்கு வேராக ஒரு திருகை எலும்பில் இறக்க வேண்டும். அந்த இடத்தில் எலும்பு மெலிந்து போயிருந்தது. அதற்கு நேர் மேலே மூக்கை ஒட்டிய காற்றறை. சின்ன உளி ஒன்றை வைத்து, சிறிய சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி, எலும்பை மேலே தூக்கி இடம் பண்ணினாள். மரத்துப்போன வாயோடு நாற்காலியில் பின்னால் சாய்ந்து கிடந்த நாத்தனார் ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணை மூடித் திறந்தாள். முடிந்து எழுந்தபோது கோணின வாயோடு, "உள்ளே என்ன, மாடி எடுத்துக் கட்டினியா?" என்று கேட்டாள். இருவரும் சிரித்தார்கள்.

இப்போது காரில் போகும்போது அந்தத் தட்டல் சத்தம்தான் பல் டாக்டரின் மண்டைக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. கணவன் சிவப்பு விளக்குகளில் நிற்கும்போதெல்லாம் ஸ்டீயரிங்கை விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

நாத்தனார் கட்டிலின் விளிம்பில், தலைமாட்டுப் பலகையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணை இறுக மூடியிருந்தாள். வலது கன்னம் பந்தாக வீங்கியிருந்தது. கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி.

"விடியக்காலம் புரண்டு படுத்தேன். யாரோ கட்டிலோட சேர்த்துத் தூக்கிக் கவிழ்த்த மாதிரி இருந்தது" என்றாள். வீக்கத்தில் வார்த்தைகள் வழுக்கின. "என்னைப் படுக்க மட்டும் வைக்காதீங்க."

பல் டாக்டர் கைப்பேசி வெளிச்சத்தை அடித்து வாய்க்குள் பார்த்தாள். தையல் பிரியவில்லை. ஓரத்தில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. "ரத்தம் இங்கேயிருந்துதான் வருது, வயித்துல இருந்து இல்ல" என்றாள். அந்த ஒரு பயம் விலகியது. ஆனால் நாத்தனாரை எழுப்பி நிறுத்தியபோது அவள் கால்கள் தொய்ந்தன. எதற்கும் அசராத அந்த மனுஷி தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தள்ளுகட்டிலில் படுக்க வைத்தார்கள். படுத்ததும் நாத்தனார் இரும்புக் கம்பியை இறுக்கிப் பிடித்து முனகினாள், மறுபடி வாந்தி. பணியில் இருந்த இளம் டாக்டர், இரவெல்லாம் தூங்காத கண்களோடு, கேள்விமேல் கேள்வியாக அடுக்கினான். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, கை கால் மரத்துப்போச்சா.

"சமீபத்துல ஏதாவது ஆபரேஷன்?"

"இல்லைங்க" என்றான் தம்பி. "நேத்து ஒரு பல்லு கட்டினாங்க. அவ்வளவுதான்."

அந்த இடத்தில் பல் டாக்டர் வாயைத் திறந்திருக்க வேண்டும். கட்டினது நான்தான், அது பல் கட்டுகிற வேலை மட்டும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இளம் டாக்டர் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். பிறகு தள்ளுகட்டிலை ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

நடைபாதையில் கணவனும் மனைவியும் சுவரோரமாக நின்றார்கள். துடைத்த தரையின் மருந்து வாடை மூக்கில் ஏறியது. அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"நீ என்ன பண்ணினே அவளுக்கு?"

"எலும்பைத் தட்டி உயர்த்தினேன். எப்பவும் பண்றதுதான்."

"சுத்தியலாலயா?"

"சின்னது."

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"நான் அந்த டாக்டர்கிட்ட சொல்லணும்" என்றாள்.

"இப்பவா? சொன்னா உடனே பல்லு டாக்டர் மண்டையில தட்டித்தான் இப்படி ஆச்சுன்னு எழுதுவாங்க. அப்புறம் கிளினிக் என்ன ஆகும்? முதல்ல அக்கா எழுந்து உக்காரட்டும்." பிறகு அவளைப் பார்க்காமலே, "எனக்கு அவளை விட்டா யாரு இருக்கா" என்றான். பக்கத்தில் நின்ற மனைவிக்கு அது சுருக்கென்றது. ஆனால் அதற்கெல்லாம் முகம் திருப்பிக்கொள்கிற நேரம் அது இல்லை.

ஸ்கேன் முடிந்து வந்ததும் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, நாத்தனாரைச் சாய்ந்தாற்போல உட்கார வைத்தார்கள். அசையாமல் இருந்தாள். சற்று நேரத்தில் ஒரு கண்ணைத் திறந்து, "அந்தத் திரையை இழுத்து விடு, எல்லாரும் வேடிக்கை பாக்கறாங்க" என்று தம்பியை அதட்டினாள். குரலில் பழைய தோரணை இருந்தது. பல் டாக்டர் அதைக் கவனித்தாள். மூளைக்குள் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தால் சுற்றல் இப்படி விட்டு விட்டா வரும்?

அப்போது நர்ஸ் வந்து, நனைந்த விரிப்பை மாற்றுவதற்காக நாத்தனாரை வலது பக்கம் புரட்டினாள். சில நொடி ஒன்றுமில்லை. பிறகு நாத்தனாரின் விரல்கள் விறைத்தன. "ஐயோ, பிடி, விழறேன்" என்று நர்ஸின் கையைப் பற்றினாள். பல் டாக்டர் குனிந்து அவள் கண்களைப் பார்த்தாள். கருவிழிகள் சும்மா துடிக்கவில்லை. திருகாணியைத் திருகுகிற மாதிரி, சுழன்று சுழன்று மேல்நோக்கி வெட்டிக்கொண்டிருந்தன. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, வேகம் குறைந்து தானாகவே நின்றுவிட்டது. விரிப்பு மாற்றி இடது பக்கம் புரட்டியபோது எதுவும் வரவில்லை.

எப்போதோ கேட்ட ஒரு பாடம் அவள் நினைவில் தட்டுப்பட்டது. பயிற்சி வகுப்பில், சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னால், எல்லோரும் நாற்காலியை நகர்த்திக்கொண்டிருந்தபோது ஆசிரியர் போகிற போக்கில் சொன்ன விஷயம். மேல்தாடையில் தட்டுகிற அதிர்வு உள்காது வரைக்கும் போகும். அங்கே நம் நிமிர்வையும் சாய்வையும் உணர்வதற்காக ஒட்டியிருக்கிற சுண்ணாம்புத் துகள்கள் அபூர்வமாகச் சில சமயம் கழன்று, பக்கத்துக் குழாய்க்குள் விழுந்துவிடும். தலையைத் திருப்பும்போதெல்லாம் அவை உருண்டு, சுற்றாத உலகத்தைச் சுற்ற வைக்கும். இத்தனை வருஷத் தொழிலில் ஒருவருக்கும் அப்படி வந்து அவள் பார்த்ததில்லை. வருகிறவர்களிடம் சொன்னதும் இல்லை.

அதுவாக இருந்தால் அவள் கைதான் காரணம். அதுவாக இல்லாவிட்டால் மூளை. தன் தப்பாகவே இருந்துவிட வேண்டும் என்று மனசுக்குள் மன்றாடுகிற நிலைக்கு அவள் வந்திருந்தாள். அதுவே அவளைப் பயமுறுத்தியது. ஆசைப்பட்டதைத்தான் கண் பார்க்கிறதா? நாத்தனாருக்கு உண்மையிலேயே மூளையில் அடைப்பு இருந்து, இவள் காது காது என்று சொல்லி நேரத்தை வீணாக்கிவிட்டால்?

இளம் டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்தான். "ஸ்கேன்ல ஒண்ணும் தெரியல. ஆனா பின்பக்கச் சிறுமூளையில அடைப்பு இருந்தா ஆரம்பத்துல இந்த ஸ்கேன் காட்டாது. முகம் வேற ஒரு பக்கமா இழுத்திருக்கு. பேச்சு குழறுது. பெரிய ஸ்கேனுக்குச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள ரத்தம் உறையாம இருக்க மருந்து ஆரம்பிச்சிடலாம்."

"வேண்டாம்" என்றாள் பல் டாக்டர். சொன்ன வேகத்தில் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. கணவன் திரும்பினான்.

"முகம் இழுக்கலை சார், அது வீக்கம். பேச்சும் அதனாலதான். நேத்து பண்ணினது வெறும் பல்லு கட்டுறது இல்ல. மேல்தாடை எலும்பைத் தட்டித் தூக்கித் திருகு வெச்சிருக்கு. பச்சைப் புண். இப்பவே கசியுது. அந்த மருந்தைக் கொடுத்தா ரத்தம் நிக்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பண்ணினது நான்தான்."

அவள் நிறுத்தாமல் சொன்னாள். அசையாமல் இருந்தால் சுற்றல் இல்லை என்பதை, வலது பக்கம் புரண்டால் மட்டும் கொஞ்சம் தாமதித்து வருவதை, தானாக நிற்பதை, கண் சுழன்றதை. "காதுத் துகளா இருக்குமோன்னு தோணுது. என் நினைப்பு தப்பாவும் இருக்கலாம். காது டாக்டர் ஒரு தடவை பாக்கட்டும்."

இளம் டாக்டரின் முகம் இறுகியது. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றான். அவன் வெளியே போய்ப் போன் பேசுவது கேட்டது. மருந்து நிறுத்தி வைக்கப்பட்டது.

காது டாக்டர் குள்ளமான, பரபரப்பான அம்மாள். யாரிடமும் விசாரிக்காமல் நேராக நாத்தனாரிடம் போனாள். மூக்கையும் தன் விரலையும் மாறி மாறித் தொடச் சொன்னாள். கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஓட்டச் சொன்னாள். பல் தெரியச் சிரிக்கச் சொன்னாள். "பல்லுக்காகத்தான் இவ்வளவு பாடும்" என்றாள் நாத்தனார். காது டாக்டர் அவள் கழுத்தை மெல்லத் திருப்பிப் பார்த்துவிட்டு, தாங்கிப் பிடித்து நாலு அடி நடக்க வைத்தாள். தடுமாறினாலும் நடந்தாள்.

"இப்ப ஒரு சோதனை பண்ணணும்மா. உங்க தலையை வலது பக்கம் திருப்பி, சட்டுனு பின்னால படுக்க வைப்பேன். காதுதான்னா சுத்தும். நல்லாவே சுத்தும். கண்ணை மட்டும் மூடக்கூடாது. நான் உங்க கண்ணைத்தான் பாக்கணும்."

"மாட்டேன்" என்றாள் நாத்தனார். "அதை மட்டும் சொல்லாதீங்க. என்னால இன்னொரு தடவை முடியாது." தம்பி கிட்டே வந்து ஏதோ சொல்லப் பார்த்தான், அவள் அவன் கையை உதறினாள்.

பல் டாக்டர் அவள் முன்னால் போய் நின்றாள். "அக்கா, நேத்து நான் தட்டினேன்ல. அந்த அதிர்வுல காதுக்குள்ள ஒரு துகள் கழண்டு இடம் மாறியிருக்கும்னு நினைக்கறேன்."

"நீ தட்டினதாலயா?"

"இருக்கலாம்."

"இருக்கலாமா, ஆமாவா?"

"படுத்தாத்தான் தெரியும்."

நாத்தனார் கையை நீட்டினாள். "கையைக் கொடு. விட்டே, தொலைச்சுடுவேன்."

காது டாக்டர் நாத்தனாரின் தலையை இரு கையிலும் ஏந்தி, வலது பக்கம் திருப்பி, ஒரே வீச்சில் பின்னால் சாய்த்தாள். தலை கட்டிலின் விளிம்புக்கு வெளியே லேசாகத் தொங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. பல் டாக்டர் அந்தக் கருவிழிகளையே பார்த்தாள். காது இல்லையா? அப்படியானால் மூளைதானா?

அந்த நினைப்பு முடிவதற்குள் நாத்தனாரின் நகங்கள் அவள் கையில் பதிந்தன. "வருது, வருது" என்று அலறினாள். கருவிழிகள் சுழலத் தொடங்கின. "கண்ணைத் திறந்தே வைங்கம்மா, அப்படித்தான், போயிடும், இதோ போயிடும்" என்று காது டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே குனிந்து பார்த்தாள். வேகமாக அடித்த விழிகள் மெல்ல மெல்லத் தளர்ந்து, நின்றன.

"வலது காது" என்றாள் காது டாக்டர், பஸ் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வது போல. "மூளை இல்லை. வந்த விதம், கண் சுத்தின விதம், நின்ன விதம், எல்லாம் காதுதான்."

தம்பி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"இருங்க, இன்னும் முடியல. விழுந்த துகளை வந்த வழியே உருட்டி வெளியே அனுப்பணும்." தொங்கிய தலையை மெதுவாக இடது பக்கம் திருப்பி, அப்படியே வைத்திருந்தாள். பிறகு உடம்போடு இடது பக்கம் புரட்டி, மூக்கு தரையைப் பார்க்கும்படி கவிழ்த்தாள். நாத்தனார் ஒரு தடவை குமட்டினாள். பல் டாக்டர் வாளியைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கி உட்கார வைத்தார்கள். வேர்த்துக் கொட்டியிருந்தது. தண்ணீர் கொடுத்து ஆறப் போட்டுவிட்டு, மறுபடி அதே சோதனை.

இந்த முறை நாத்தனார் எதிர்க்கவில்லை. பல்லைக் கடிக்க முடியாததால் கண்ணை விரித்து வைத்துக்கொண்டு படுத்தாள். கூரையில் ஒரு விளக்கு. அது அசையாமல் இருந்தது.

"நிக்குது" என்றாள். நம்பாமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "விளக்கு நிக்குது."

பல் டாக்டர் திரையைத் தாண்டி வெளியே போய், சுவரில் சாய்ந்து, யாரும் பார்க்காமல் அழுதாள். கணவன் பின்னாலேயே வந்தான். "அப்படிக் கேட்டிருக்கக் கூடாது நான்" என்றான். எதைச் சொல்கிறான் என்று அவள் கேட்கவில்லை. அவன் கொடுத்த கைக்குட்டையில் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

சாயங்காலம் வரைக்கும் வைத்திருந்து, நாத்தனாரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சுற்றல் திரும்ப வரலாம், வந்தால் பயப்படாமல் வாங்க, அது அடியோடு போகிறவரை ஸ்டீயரிங் பக்கமே போகக்கூடாது என்றாள் காது டாக்டர். அன்று தம்பி வீட்டிலேயே தங்கினாள். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்து, பல் டாக்டர் கொண்டு வந்த வெதுவெதுப்பான சூப்பை இடது பக்கமாக உறிஞ்சினாள். பாதியில் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"இப்படி வரலாம்னு உனக்கு முன்னாடியே தெரியும், இல்லையா?"

"கேள்விப்பட்டிருக்கேன் அக்கா. ரொம்ப அபூர்வம். இதுவரைக்கும் ஒருத்தருக்கும் வந்ததில்லை."

"அதைக் கேக்கலை. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

பல் டாக்டர் மென்று முழுங்கினாள். "சொன்னா பயந்துடுவீங்க, அப்புறம் வரமாட்டீங்கன்னு நினைச்சேன்." அதுகூட முழு உண்மை இல்லை என்று தோன்றி, "நேத்து எனக்கு அது நினைப்பிலயே இல்லை. நீங்க என்கிட்ட வந்துட்டீங்கங்கிற சந்தோஷத்துலயே இருந்தேன்" என்றாள்.

நாத்தனார் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "வராம இருந்திருப்பேனோ என்னமோ. ஆனா அது என் இஷ்டம். நீ எனக்காக முடிவு பண்ணக்கூடாது. விடியக்காலத்துல நான் செத்துட்டேன்னே நினைச்சேன், தெரியுமா? இப்படி ஒண்ணு வரலாம்னு காதுல போட்டு வெச்சிருந்தா அந்தப் பயம் இருந்திருக்காதுல்ல."

"தப்புதான் அக்கா."

"தப்புதான்" என்று ஒத்துக்கொண்டு, கிண்ணத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். "உப்பு பத்தலை."

சுற்றல் ஒரு தடவை லேசாகத் திரும்பி வந்தது. நாத்தனாரே ஆட்டோ பிடித்துப் போய்க் காது டாக்டரிடம் அதே மாதிரி தலையைத் திருப்பிச் சரிசெய்துகொண்டு வந்தாள். வந்த பிறகுதான் இவர்களுக்குச் சொன்னாள். அதற்கப்புறம் வரவில்லை. பழையபடி வண்டியில் ஏறினாள். தம்பி மனைவியிடம் முன்னைவிட அதிகம் பேசினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் பேசும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நேருக்கு நேராகக் கேட்டாள்.

எலும்பு பிடித்து, திருகின் மேல் பல்லை மாட்டுகிற நாள் வந்தது. கிளினிக்குக்கு வந்தவள் நாற்காலியில் உட்காராமல் கைப்பையை மடியில் அணைத்தபடி ஸ்டூலில் அமர்ந்தாள்.

"இன்னைக்கு என்ன பண்ணப்போறே, என்னென்ன ஆகலாம், ஒண்ணு விடாம சொல்லு. அப்புறம்தான் வாயைத் திறப்பேன்."

பல் டாக்டர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பல் உயரமாக இருந்தால் தாடை வலிக்கும் என்பதிலிருந்து தொடங்கினாள். ஈறு கொஞ்ச நாள் கூசும் என்றாள். கை தவறினால் திருகு தொண்டைக்குள் போய்விடக்கூட வாய்ப்பு உண்டு, அதற்காகத் தொண்டையை மறைத்துத் துணி வைத்துக்கொள்வேன் என்றாள். நாத்தனார் புருவத்தைத் தூக்கினாள், ஆனால் குறுக்கிடவில்லை. வெளியே காத்திருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். கடைசியில், "சுத்தியல் இன்னைக்கு இல்லை" என்றாள் பல் டாக்டர்.

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றபடி நாத்தனார் எழுந்து வந்து நாற்காலியில் சாய்ந்தாள்.